பெயர் சொல்லும் வித்தையை வாங்கலாமா

தம்பி,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த அச்சுத்தாளும் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. தபால்காரர் வழக்கம்போல உறையைப் பிரித்துப் படித்துக் காட்டுவதற்காகச் சைக்கிளை வேலியில் சாய்த்தார். "குடுங்க, நானே பாத்துக்குறேன்" என்று கையை நீட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப இனிமே உங்க வூட்டுச் சேதி எனக்குத் தெரியாதா?" என்றார். பாவம், நீ ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து உன் சேதிகளை என்னைவிட முன்னால் தெரிந்துகொண்டவர் அவர். மோர் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன். உன் கடிதத்தை அன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். அச்சுத்தாள்தான் இரண்டு நாள் பிடித்தது. கடைக்காரர்கள் எழுதுகிற தமிழ் எங்கள் முதியோர் வகுப்புப் புத்தகத்தில் இல்லாத தமிழாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு வார்த்தை விடவில்லை. விலாசம், 'வெளியூர் ஆர்டர்கள் கவனிக்கப்படும்' என்பதுவரை படித்தேன். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அது என்ன சொல்கிறது என்று யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குத் தெரியாது. உன் அப்பனுக்குத்தான் அது புதுசு, நீ சின்ன வயதிலேயே படித்துவிட்டாய்.

உன் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மாலை வகுப்பில் படித்து முடித்தவர்களுக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் விழா. சான்றிதழ் கொடுத்த பிறகு உன் மேஜிக் நிகழ்ச்சி. திருச்சியில் செய்ததையே நம் ஊரிலும் செய்யாமல் புதிதாக ஒன்று காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். சென்னையில் வித்தைச் சாமான் விற்கும் கடையில் ஒன்று பார்த்திருக்கிறாய். கூட்டத்திலிருந்து ஒருவரை மேடைக்கு அழைத்து, இறந்துபோன அன்பானவர் ஒருவரை நினைத்துக்கொண்டு அவர் பெயரைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். மடித்த தாளை நீ பிரிக்காமலே கிழித்து நெருப்பில் போட்டுவிட்டு, அவர் கண்ணைப் பார்த்தபடி அந்தப் பெயரைச் சொல்வாய். 'கண் கலங்காத பார்வையாளர் இருக்க மாட்டார்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. எழுதக் கற்றுக்கொண்டவர்களின் விழாவுக்குப் பெயர் எழுதும் வித்தையைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்கிறது என்று கேட்கிறாய். விலை உன் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வாங்கலாமா, வேண்டாமா என்று சனிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.

நீ எதை வாங்கப் போனாலும் என்னைக் கேட்க ஆரம்பித்தது அந்தப் பெட்டிக்குப் பிறகுதான். ஆளை உள்ளே விட்டு மறைய வைக்கும் பெட்டி. வித்தை நல்ல வித்தைதான், ஆனால் பஸ் வாசலுக்குள் நுழையவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆளு இருந்தா டிக்கெட்டு, இல்லன்னா லக்கேஜு. எதுன்னு சொல்லுங்க சார்" என்றார். நீ பெருமையாகத் திறந்து காலியாகக் காட்டினாய். "அப்ப லக்கேஜு. மேல ஏத்துங்க" என்றார். மன்னார்குடி வருவதற்குள் மழையில் நனைந்து பலகை உப்பிப்போய், உள்ளே போன உன் சிநேகிதன் மறையவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் கதவைத் தட்டினான். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டியது. அதிலிருந்து நான் உன்னிடம் கேட்பதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள்தான். கையில் தூக்கிக்கொண்டு போக முடியுமா, நூறு தடவை செய்தாலும் உனக்கு அலுக்காதா, நடுவில் தப்பினால் சமாளிக்கப் பேச்சு இருக்கிறதா என்று கேட்பேன். கடைசியாக ஒன்று கேட்பேன். நிகழ்ச்சி முடிந்து வரப்பில் நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன பேசிக்கொண்டு போவார்கள்?

முதல் மூன்றில் இந்த வித்தை நன்றாகவே தேறுகிறது. சட்டைப் பையில் அடங்குகிறது, மழைக்கு உப்பாது. ஒரு சின்னச் சங்கடம்தான். உன் கடிதத்தில், பெயரைத் தாளின் நடுவில் சின்னதாக எழுத வேண்டும், நடுத்துண்டு மட்டும் உன் உள்ளங்கையில் தங்கிவிடும் என்று ரகசியத்தை எழுதியிருக்கிறாய். எங்கள் வகுப்புக்காரர்களின் எழுத்தை நீ பார்த்ததில்லை. ஒவ்வோர் எழுத்தும் பறங்கிக்காய் அளவு. பாதிப் பெயரிலேயே தாள் தீர்ந்துபோய்த் திருப்பி எழுதுவோம். அதுவும் ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். நீ மேடையில் பாட்டுத்தான் பாட வேண்டும். போன வருடம் நீ இதைச் செய்திருந்தால் என்னை மேடைக்கே கூப்பிட்டிருக்க முடியாது என்பதையும் நினைத்துப் பார்த்தேன். எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான வித்தை இது. இவற்றையெல்லாம் எழுதி, பெரிய தாளாக வாங்கிக்கொள் என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்ததும் என்னால் மேலே எழுத முடியவில்லை. அந்தக் கேள்வியை நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நம் வீட்டில் உனக்கு முன்னால் ஒரு வித்தைக்காரன் இருந்தான். நான்தான். ஏர் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், மாடு திரும்புவதற்கு முன்பே அது திரும்பப்போகிற பக்கம் கயிற்றில் தெரிந்துவிடும். மனிதர்களும் அப்படித்தான் என்பது எனக்கு எப்படியோ பிடிபட்டது. களத்துமேட்டில் இளைப்பாறும்போது ஒருவன் பாக்குப் பொட்டலத்தை வைக்கோலிலோ யாருடைய தலைத்துண்டிலோ ஒளிப்பான். ஒளித்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் நடப்பேன். தப்பான பக்கம் போனால் கை கனக்கும், சரியான பக்கம் திரும்பினால் இளகும், கிட்டே போனதும் நாடி துள்ளும். நேராகப் போய் எடுத்துவிடுவேன். கை பார்க்கிறவன் என்று எனக்குப் பெயர் வந்தது. ஆடு காணாமல் போனவர்கள் வந்தார்கள், மூக்குத்தி தொலைத்தவர்கள் வந்தார்கள். இது வெறும் விளையாட்டு என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. நீ மேடை ஏறியதும், 'இதுல மந்திரம் ஒண்ணும் இல்லீங்க, கைப்பழக்கம்தான்' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாய். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வரும். அப்படிச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது கூலித் தகராறு வந்தது. கோட்டையில் ஆட்சி மாறி, இனி ஏழைகளுக்கு விடிந்துவிட்டது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த சமயம். எங்கள் களத்துக்கு அந்த விடியல் வந்து சேரவில்லை. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டோம். மிராசுதார் முடியாது என்றார். கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது, நாங்கள் வயலில் இறங்கவில்லை. மூன்றாவது வாரம், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் போகிறார் என்று தெரிந்தது. விடியற்காலையில் மதகடியில் நின்று அவர்களிடம் பேசித் திருப்பி அனுப்புவது என்று சங்கத்தில் முடிவு செய்தோம். இருபது பேருக்குத்தான் தெரியும். போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் அங்கே போலீஸ் நின்றது. ஆறு பேரை அடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சப் பேர் மத்தியானம் களத்துமேட்டில் கூடினோம். எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒரே கூச்சல். அதற்கு நடுவே ஒருவன் என்னைப் பார்த்து, "ஏய், பாக்குப் பொட்டலத்தைக் கண்டுபுடிக்கத் தெரியுதுல்ல, துரோகியைக் கண்டுபுடிக்கத் தெரியாதா? புடிய்யா கையை!" என்றான்.

அப்போதே சிரித்துவிட்டு விலகியிருக்கலாம். அது ஆள் விளையாட்டுக்கு ஒத்துக்கொண்டு ஒளித்தால் மட்டும் நடக்கிற வேலை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அத்தனை ஆண்களும் வரிசையில் நின்று கையை நீட்ட, நான் ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது ஆள் உன் அம்மாவின் அண்ணன். நீ உப்பள மாமா என்று சொல்வாயே, அவர். "என்ன மாப்ள, என் கையையுமா?" என்று சிரித்துக்கொண்டுதான் நீட்டினார். மணிக்கட்டு வேர்த்திருந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. "மச்சான், இந்தக் கையில என்னமோ இருக்கு" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. அடிதான் விழுந்தது.

அவர் ஒளித்தது என்ன என்று பிறகு உன் அம்மாதான் சொன்னாள். வீட்டில் பிள்ளைகள் பட்டினி தாங்காமல் முந்தின நாள் மிராசுதார் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், ஒரு மரக்கால் நெல் கடனாக வாங்கி வந்திருக்கிறார். ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்படிப் போனது அவருக்கு வெட்கம். அந்த வெட்கம்தான் நாடியில் ஓடியது. ஒளித்தது எங்கே இருக்கிறது என்பதைத்தான் கை சொல்லும், என்ன ஒளித்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசவில்லை, நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் அவர்கள் சட்டி பானையோடு அதிராம்பட்டினம் உப்பளத்துக்குப் போய்விட்டார்கள். ஆறு பேரும் ஜாமீனில் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. போலீஸ் மூன்று நாளாகவே மிராசுதாரின் அரிசி மில்லில் தங்கியிருந்ததாம். வெளியூர் ஆட்களுக்குக் காவலாகத்தான் மதகடிக்கு வந்திருக்கிறார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. 'சரி, நடந்தது நடந்துபோச்சு' என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். போய் அழைத்துவர யாரும் கிளம்பவில்லை. நானும் கிளம்பவில்லை. ஆறேழு வருடம் கழித்து அவர் காய்ச்சலில் இறந்தபோது அம்மா உன்னை அழைத்துக்கொண்டு போனாளே, உப்புக் குவியலைப் பார்த்து 'எவ்வளவு சீனி' என்று நீ கேட்டாயாம். நடவு இருக்கிறது என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். அந்த வாரம் நமக்கு நடவே இல்லை.

அவர் பெயர் வீரையன். இந்தப் பெயரைப் படித்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் சீட்டாட்டத்தில் கள்ளம் செய்கிறவனைப் பார்த்து, கபடியில் தொட்டுவிட்டு இல்லை என்கிறவனைப் பார்த்து, 'வீரையன் கைடா' என்பார்கள். யார் அந்த வீரையன் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, நாங்கள் மாமா என்றே சொல்லி வளர்த்தோம். போன வருடத் திருவிழாவில் சீட்டை ஒளித்துக்கொண்டு நின்ற ஒருவரிடம் நீ மேடையிலிருந்து, "என்னண்ணே, வீரையன் கையா?" என்று கேட்டாய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா எழுந்து போனாள். தலைவலி என்று உன்னிடம் சொன்னாள். உன் மேல் தப்பில்லை. அந்தச் சிரிப்பை ஊருக்குக் கொடுத்தவன் நான்.

இதை எழுத வேண்டும் என்று தீர்மானித்து உட்காரவில்லை. புதன்கிழமை மத்தியானம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. உன் வித்தையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வகுப்பில் அவள் என்னைவிட இரண்டு பாடம் முன்னால் இருக்கிறாள், எழுத்தும் சின்னதாக அரிசி போல இருக்கும். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "செத்துப்போனவங்க யாரையாச்சும் நெனச்சுக்க. பேரை நடுவுல எழுது. எனக்குக் காட்டாத" என்றேன்.

"மவன் பண்ற கூத்து பத்தாதுன்னு நீங்க வேறயா?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "யாரு பேரை வேணா எழுதலாமா?"

"யாரு பேரை வேணா எழுதலாம்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி எழுதினாள். நான் நீ எழுதியிருந்தபடி மடித்து, கிழித்து, துண்டுகளை அடுப்பில் போட்டேன். நடுத்துண்டு என் உள்ளங்கையில் நின்றது. முதல் தடவையிலேயே நின்றுவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கூரை ஓட்டைப் பார்ப்பதுபோல அண்ணாந்துகொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்த் துண்டைப் பிரித்தேன். முதலில் எழுத்துக் கூட்டினேன். அதற்குப் பிறகுதான் பெயர் தெரிந்தது.

"என்னங்க, பலிக்கலியா?" என்றாள் அம்மா.

"பலிச்சுருச்சு."

"அப்பச் சொல்லுங்க."

நான் துண்டைத் திரும்ப மடித்தேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொல்ல முடியலல்ல? எனக்கும் இத்தன வருசமா அப்புடித்தான். வூட்டுல எங்கண்ணன் பேரை எடுத்தா உங்க மூஞ்சி மாறிப்போவும். வெளில எடுத்தா ஊரு சிரிக்கும். எங்கதான் சொல்றது?" நான் அந்தத் துண்டை அவளிடமே கொடுத்தேன். முழங்காலில் வைத்து மடிப்பை நீவிவிட்டாள். "எளுத்து நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள். "நல்லா வந்திருக்கு, ரெண்டாவது எளுத்து மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றேன். சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அச்சுத்தாளில் போட்டிருப்பது உண்மைதான், தம்பி. ஆனால் கண் கலங்கியவரை அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அதில் எங்கேயும் போடவில்லை. நான் இரண்டாவது முறையும் படித்துப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவே பேச்சை எடுத்தாள். "அவன் அதை வாங்கட்டும். என்னைய மேடைக்குக் கூப்புடச் சொல்லுங்க. நான் எங்கண்ணன் பேரை எழுதுறேன். எங்கண்ணன் பேரை ஊரு கேக்க எம் மவன் மரியாதையாச் சொல்லட்டும்" என்றாள். அவள் ஆசையில் ஒரு நியாயமும் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீ அந்தப் பெயரைச் சொல்வாய். ஊர் கைதட்டும். யாருக்குக் கைதட்டும்? உனக்கு. வரப்பில் நடந்து போகிறவர்கள், 'எப்புடிய்யா கண்டுபுடிச்சான்?' என்று பேசிக்கொண்டு போவார்கள். மறுநாள் காலையில் மூக்குத்தி தொலைத்தவள் உன்னைத் தேடி வருவாள், மந்திரம் இல்லை என்று நீ எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் வருவாள். செத்தவர் பெயரைச் சொன்னவனிடம் வராமல் இருப்பாளா? மச்சான் பேரில் விழுந்த அழுக்கு அப்படியேதான் இருக்கும். ஒரு வித்தையை நம்பித்தான் அன்று அவரைத் துரத்தினோம். இன்னொரு வித்தையைக் காட்டி அவரைத் திரும்ப அழைத்துவர முடியாது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப வித்தை இல்லாமச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஆகவே என் பதில் இது. வாங்க வேண்டாம். வித்தை மட்டமானது என்று சொல்ல மாட்டேன், என் கையிலேயே முதல் தடவையில் நின்றுவிட்டது. வெளியூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு முன்னால், பிடித்த பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதச் சொல்லி எப்போதாவது செய்ய ஆசைப்பட்டால் பிறகு யோசிக்கலாம். அவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். பூவின் பெயருக்கு அரை மாதச் சம்பளம் தகுமா என்று மட்டும் உன்னை நீயே கேட்டுக்கொள். நம் ஊரில், அதுவும் இந்த விழாவில், வேண்டவே வேண்டாம். எந்தத் தாளில் எந்தப் பெயர் வரும் என்று உனக்குத் தெரியாது. வந்துவிட்டால் சிரித்த முகத்தோடு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு முடியவில்லை. உனக்கும் முடியாது என்றுதான் நினைக்கிறேன், நீ இளகிய மனசுக்காரன்.

இந்த வித்தைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து நிமிடத்தை எனக்குக் கொடு. சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருவர் நாலு வரி படிக்கப்போகிறார் என்று மட்டும் சொல்லி என்னைக் கூப்பிடு. எழுதி வைத்துவிட்டேன். வீரையன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்றும், கை பார்ப்பது விளையாட்டு என்று தெரிந்தும் அன்று நான் மறைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். இனி யாரும் அந்தப் பேச்சைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா படித்துப் பார்த்தாள். "எம் பொஞ்சாதியோட அண்ணன்னு ஏன் சுத்தி வளைக்கிறீங்க? எம் மச்சான்னு போடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். மாமாவின் மகளுக்கும் அதிராம்பட்டினத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வருவாளோ, மாட்டாளோ.

நான் படித்து முடித்ததும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று என்னைக் கை பிடிக்கச் சொன்னவர்களில் நாலு பேர் இன்னும் இருக்கிறார்கள். மூவர் என்னோடு வகுப்பில் படித்தவர்கள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் எழுந்து போகலாம். கைதட்ட யாருக்கும் தோன்றாது. எனக்கு அடுத்தபடியாக அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியவன் நீ. பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களை எதைச் செய்து மெல்ல நிமிர்ந்து பார்க்க வைப்பாய் என்று இப்போதே யோசித்துக்கொள், தம்பி. அது எனக்குத் தெரியாத வித்தை.

அப்பா